அலங்காரமும் அவசரமும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மாதர் பகுதியைத் தவறாது படித்து வருவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். நாற்பது வயதைக் கடந்து, தொழிலின் பொருட்டு நாடோறும் பயணஞ் செய்யும் பெண்களிடத்து அப்பகுதிக்கு அளவு கடந்த கரிசனை உண்டு. ஐந்து நிமிடத்தில் முகப்பொலிவு, மூன்று நிமிடத்தில் கூந்தல் அலங்காரம், கைப்பைக்குள் அடங்கும் பத்துப் பொருள்கள் என்று வாரந்தோறும் உபதேசம் நடக்கிறது. இப்போது அதே உபதேசம் கைத்தொலைபேசித் திரையிலும் ஓடுகிறது. அங்கே சொல்பவள் இளம் பெண். கேட்பவர்கள் அவளுடைய தாயின் வயதினர்.

இந்த உபதேசங்களை நான் வெறுப்பவள் அல்லள். பெண் தன்னை அழகு செய்துகொள்வதைப் பூர்ஷ்வாப் பழக்கம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் தோழர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுடைய சட்டைகளைத் தோய்த்து அயன் பண்ணிக் கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டுமெனப் பல தடவை எண்ணியதுண்டு. முகங் கழுவி, தலை வாரி, தூய உடை அணிந்து நாலு பேர் முன் வந்து நிற்பது மனிதரின் தன்மதிப்பைச் சேர்ந்த காரியம். உழைப்பவருக்கும் அவ்வுரிமை உண்டு. ஆகவே என் வழக்கு அழகோடு அன்று. ‘ஐந்து நிமிடம்’ என்கிறார்களே, அந்தச் சொல்லோடுதான். ஏன் ஐந்து நிமிடம்? மற்ற நிமிடங்களை எடுத்துக்கொண்டவர் யார்?

உபதேசம் செய்வோரின் மனக்கண்ணில் தோன்றும் பெண்மணி விமானத்தில் பறப்பவள். அவளுக்கென்று விடுதியில் ஓர் அறை. அறையில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே ஒரு விளக்கு. எந்தப் பூச்சை முதலில் பூசுவது, எதைப் பின்னர் பூசுவது என்பது ஒன்றே அவளுக்குத் தெரியவேண்டியது. நான் அறிந்த பெண்களும் தொழிலின் பொருட்டுப் பயணஞ் செய்பவர்கள்தாம். அவர்களுடைய பயணம் வெள்ளவத்தையில் தொடங்கிக் கோட்டையில் முடிகிறது. அல்லது கோட்டையில் இறங்கி, புறக்கோட்டையின் நெரிசலூடாகக் கொட்டாஞ்சேனை வரை நீள்கிறது. நாளுக்கு இரண்டு தடவை, சிலருக்கு முப்பது ஆண்டு காலம். கூட்டிப் பார்த்தால் இவர்கள் கடந்த தூரமும் கொஞ்சமன்று.

கொழும்பின் கரையோரப் புகையிரதப் பாதை கடலை ஒட்டிக் கிடப்பது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி நிலையங்களில் மேடைக்கும் அலைக்கும் நடுவே கற்பாறைகள் மட்டுமே உண்டு. சுற்றுலாப் பயணிகள் இந்தக் காட்சியை ஆசையோடு படம் பிடிக்கிறார்கள். அதே காற்று வாரிய தலையைக் கலைக்கிறது. பூசிய பவுடரைப் பிசினாக்குகிறது. சேலையில் உப்பைப் படிய வைக்கிறது. வீட்டிலே செய்துகொண்டு வரும் அலங்காரம் வீண் என்பதுதான் மேடையில் நிற்கும் பெண்கள் கற்ற முதற் பாடம். முகத்தைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனிக்க வேண்டும். அதற்குள் மணி அடித்துவிடும் என்பது வேறு கதை. நான் கற்பிக்கும் கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் ஏழரைக்கு மணி அடிக்கிறது.

எங்கள் பெட்டியில் வழக்கமாக ஏறுபவர்கள் ஐந்து பேர். என்னோடு கற்பிக்கும் மூத்த ஆசிரியை ஒருவர். வயது ஐம்பத்து நான்கு. வங்கியொன்றில் எழுதுவினைஞராக இருப்பவர் ஒருவர். அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி ஒருவர். புறக்கோட்டைப் புடைவைக் கடையொன்றில் விற்பனைக்கு நிற்பவர் ஒருவர். நான் ஒருத்திதான் இன்னும் நாற்பதை எட்டாதவள். ஆதலால் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவள். இவர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் அழகுக் குறிப்புகளை எந்த மாதர் பகுதியிலும் நான் கண்டதில்லை.

சேலையை முதல்நாள் இரவே கொய்து, கொய்யகத்தில் பின் குத்தி, கொடியில் தொங்கவிட வேண்டும். காலையில் இரண்டு நிமிடத்தில் உடுத்துவிடலாம். பருத்திச் சேலை அழகுதான். ஆனால் கஞ்சி போட வேண்டும், அயன் பண்ண வேண்டும். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தில் அயன்பெட்டியைத் தொடவே பலர் அஞ்சினர். சேலையை மடித்து மெத்தையின் கீழ் வைத்து, அதன் மேல் படுத்து உறங்கும் உத்தி எங்கள் பெட்டியில் அப்போதுதான் பரவியது. தலைமுழுக்கு மாலையில்தான் கூடும். விடியற்காலையில் முழுகி ஈரத்தோடு கொண்டை போட்டால் மதியத்துக்குள் நாறத் தொடங்கிவிடும். பவுடரை டப்பாவோடு காவித் திரிவது மடமை. கைலேஞ்சியின் மூலையில் ஒரு சிட்டிகை முடிந்து வைத்தால் போதும். நல்ல செருப்பு வேலைத்தலத்து அலுமாரியில் இருக்க வேண்டும். பயணத்துக்கு இறப்பர்ச் செருப்பு. ஒட்டுப்பொட்டு அட்டை பருவகாலச் சீட்டின் உறைக்குள். வெயிலுக்குக் குடை, குடைக்கு மிஞ்சிய முகப்பூச்சு இல்லை என்பது தாதியின் தீர்ப்பு.

2022 ஆகஸ்டில் அரசாங்கம் ஏறத்தாழ 300 வகைப் பொருள்களின் இறக்குமதியை இடைநிறுத்தியது. வாசனைத் திரவியங்களும் ஷாம்பூவும் ஒப்பனைப் பொருள்களும் அவற்றுள் அடக்கம். உடனே பாட்டிமாரின் வைத்தியம் புகழ் பெற்றது. பயற்றம்மா, வெந்தயம், செவ்வரத்தை இலை, எலுமிச்சங்காய் என்று எல்லோரும் பேசினார்கள். நல்ல பண்டங்கள்தாம். ஆனால் செவ்வரத்தை இலையை அரைத்துத் தலையில் வைத்து, ஊறவிட்டு, கழுவி முடிக்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் பாட்டிக்கு இருந்தது. அல்லது பாட்டிக்கு அரைத்துக் கொடுக்க ஒருத்தி இருந்தாள். மஞ்சளின் கதை இன்னும் வேடிக்கை. 2019 இறுதியில் அதன் இறக்குமதி தடுக்கப்பட்டது. 2020இல் விலை பன்மடங்காகியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மன்னார்ப் பக்கமாகக் கள்ளத் தோணியில் மஞ்சள் வந்தது. கடற்படையினர் மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள். கறிக்கே மஞ்சள் இல்லாத வீட்டில் முகத்துக்கு யார் பூசுவார்?

தமிழ் கற்பிப்பவள் ஆதலால் இவ்விடத்தில் எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கடலாடு காதையில் மாதவி கூந்தல் நனைக்கும் நீரிலே பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்கிறார் இளங்கோவடிகள். அதன்பின் அகிற்புகை, அதன்பின் அடியிலிருந்து முடிவரை அணிகலன்கள். வகுப்பிலே இதைப் படிப்பிக்கும்போது மாணவியர் பெருமூச்சு விடுவர். நாற்பத்தேழு பொருள்களையும் யார் தேடி, யார் இடித்து, யார் ஊறவைத்தார் என்று நான் அவர்களிடம் கேட்பதுண்டு. காப்பியம் அதைக் கூறவில்லை. அலங்காரம் என்பது ஒருவகையில் நேரத்தின் காட்சியே. மாதவியின் மேனியில் தெரிந்தவை மணிகள் மட்டுமல்ல. பெயரறியாத பல பெண்களின் பகற்பொழுதுகளுமாம்.

இனி உடைக்கு வருவோம். இந்நாட்டில் ஆசிரியை என்றால் சேலை. அது எழுதாத விதியாக இருந்து, இடையிடையே எழுதிய விதியாகவும் ஆகிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, எங்கள் பாடசாலைக்கு எட்டிய தூரத்திலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் வேறிடங்களிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த மாத இறுதியிலேயே, அரச அலுவலகங்களில் பெண்கள் சேலையோ ஒசரியோதான் அணியலாம் என அரச நிருவாக அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. முஸ்லிம் பெண் ஊழியர் பலர் அலுவலக வாசலில் தடுமாறி நின்றனர். மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டபின் அது திருத்தப்பட்டது. பின்னர் 2022இல் எரிபொருளும் இல்லை, பேருந்தும் இல்லை என்ற நிலை வந்தபோது, அரச ஊழியர் வசதியான உடையில் வரலாம் என்றார்கள். அதை நம்பி அவ்வாண்டு நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையின்றி, ஒழுங்கான வேறு உடையணிந்து பாடசாலைக்குச் சென்றனர். நாடெங்கும் கூக்குரல்! பண்பாடு அழிந்தது என்றனர். குருபக்தி போயிற்று என்றனர். ஆசிரியைகளின் உடையில் மாற்றமில்லை என்று கல்வி அமைச்சு அறிவித்தது. ஆறு யார் துணியைச் சுற்றிக்கொண்டு புகையிரதத்தின் மிதிபலகையில் ஒரு காலை ஊன்றித் தொங்கும் பெண்ணைப் பற்றி அந்தக் கூக்குரலில் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

சேலை அழகான உடை. நானும் விரும்பி உடுப்பவள். விரும்பி உடுப்பது வேறு, உடுக்காவிட்டால் விளக்கம் கேட்பார்கள் என்று உடுப்பது வேறு. அதே பாடசாலையின் ஆண் ஆசிரியர் காற்சட்டையும் மேற்சட்டையும் மாட்டிக்கொண்டு மூன்று நிமிடத்தில் புறப்படுகிறார். அவர் உடையில் பண்பாடு எங்கே இருக்கிறது என்று எவரும் தேடுவதில்லை.

சேலையைப் பேசும்போது பின்னைப் பேசாமல் விட இயலாது. எங்கள் ஐவரிடமும் தேவைக்கு மேல் இரண்டு மூன்று பின்கள் எப்போதும் இருக்கும். ஒன்று தோளுக்கு, ஒன்று கொய்யகத்துக்கு. மூன்றாவது பின் சேலைக்கு அன்று என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூத்தவர்கள் சொல்லித் தந்தார்கள். அதைச் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே பிடிக்கும் முறையையும் காட்டினார்கள். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் இலங்கையில் 2015இல் நடத்திய ஆய்வில், பேருந்திலும் புகையிரதத்திலும் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறிய பெண்கள் 90 சதவீதத்தினர். நாற்பதைக் கடந்தால் அத்தொல்லை நின்றுவிடும் என்று நினைக்கும் ஆண்கள் உண்டு. எங்கள் பெட்டியில் ஐம்பத்து நான்கு வயதானவரும் மூன்றாவது பின்னை இன்னும் வைத்திருக்கிறார்.

புடைவைக் கடையில் நிற்பவரின் முகம் சில காலத்துக்கு முன் வெளுக்கத் தொடங்கியது. எல்லோரும் வியந்தோம். சில மாதத்தில் கன்னங்கள் சிவந்தன. வெயில் பட்டால் எரிந்தன. பின்னர் முன்னிலும் கறுத்த திட்டுகள் தோன்றின. கைப்பைக்குள்ளிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துக் காட்டினார். செய்தவர் பெயர் இல்லை. எதனாற் செய்தது என்ற குறிப்பு இல்லை. ‘இரவில் பூசவும்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. தாதி அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “உதை இண்டைக்கே எறியுங்கோ அக்கா” என்றார்.

இத்தகைய களிம்புகளில் சிலவற்றில் இரசம் கலந்திருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதை இரசவுப்புகள் தடுக்கின்றன. ஆகவே முகம் வெளுக்கிறது. தோல் வழியே உடலுக்குள் புகும் இரசம் சிறுநீரகத்தில் சேர்ந்து அதைக் கெடுக்கிறது. பூசியவரோடு அது நிற்பதில்லை. அவர் துடைத்த துவாயிலும் அணைத்த குழந்தையிலும் ஒட்டுகிறது. வேறு சிலவற்றில் மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத ஸ்ரீரோயிட் மருந்து இருக்கிறது. அது தோலை மெலியச் செய்கிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையே மருத்துவர்கள் ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயுற்ற 15 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 13 பேர் முகத்தை வெளுப்பிக்கும் களிம்பு பூசியவர்கள் எனக் கண்டனர். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசமுள்ள அழகுப் பொருள்களை 2020உடன் ஒழிப்பதென உலக நாடுகள் மினமாட்டா உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டிருந்தன. 2017இல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கையில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. இரசம் சிறிதளவும் சேர்க்கலாகாது என 2023இல் விதி இன்னும் இறுக்கப்பட்டது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இடையிடையே கடைகளைச் சோதனையிட்டுப் பெட்டி பெட்டியாகக் கைப்பற்றுகிறது. ஆயினும் டப்பா கிடைக்கிறது.

ஏன் வாங்கினார் என்று அவரைக் கடிந்துகொள்வது எளிது. அவர் சொன்ன பதில் இது: “முன்னுக்கு நிக்கிற ஆக்கள் வெள்ளையாய், பளிச்செண்டு இருக்கோணும் எண்டு முதலாளி நினைக்கிறார். என்னைப் பின்னுக்குக் களஞ்சியத்துக்கு மாத்திப்போட்டால் கொமிசன் இல்லைத் தங்கச்சி. கொமிசன் இல்லாட்டி மகளின்ரை ரியூசன் இல்லை.” முகத்தின் நிறத்துக்கும் மகளின் கணித பாடத்துக்கும் இடையே இப்படியொரு சமன்பாடு இருப்பதை நான் எந்தப் பொருளாதார நூலிலும் படித்ததில்லை. 1975இல் இந்தியாவில் ‘ஃபெயார் அண்ட் லவ்லி’ விற்பனைக்கு வந்த நாள்முதல், வேலை கிடைப்பதற்கும் திருமணம் நடப்பதற்கும் வெண்மையே வழி என்று விளம்பரங்கள் ஓதின. 2020இல் அதன் பெயரிலிருந்து ‘ஃபெயார்’ என்ற சொல்லை நீக்கினார்கள். புடைவைக் கடை முதலாளியின் மனத்திலிருந்து அதை யார் நீக்குவது?

நரைக்கும் இதே நீதிதான். ஆணின் நரை அனுபவம் எனப்படும். பெண்ணின் நரை கவனக்குறைவு எனப்படும். வங்கியில் இருப்பவர் மாதத்துக்கு ஒரு தடவை தலைக்குச் சாயம் அடிக்கிறார். சாயத்திலுள்ள ஓர் இரசாயனம் சிலருக்கு ஒவ்வாது. நெற்றியும் கண்ணிமையும் வீங்கிவிடும். காதின் பின்புறத்தில் ஒரு துளி தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். இரண்டு நாள் பொறுக்க யாருக்கு அவகாசம்? வீங்கிய கண்ணோடு ஒரு நாள் அவர் வந்ததைப் பார்த்தோம்.

இவ்வளவும் எல்லா ஊர்களிலும் நடப்பதுதான். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்ப் பெண்ணின் காலை அலங்காரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. அது பொட்டின் கணக்கு.

மூத்த ஆசிரியை எப்போதும் ஒட்டுப்பொட்டே வைப்பார். வீட்டில் நல்ல குங்குமம் உண்டு. கோவிலுக்கும் கலியாணத்துக்கும் அதைத்தான் வைப்பார். வேலைக்கு மட்டும் ஒட்டுப்பொட்டு. அவசரத்துக்கு வசதி என்றே நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் கேட்டபோது அவர் சிரித்தார்.

“ஓம் பிள்ளை, அவசரத்துக்கு வசதிதான். ஒட்டவும் லேசு, கழட்டவும் லேசு. குங்குமமெண்டால் துடைச்சாலும் அடையாளம் கிடக்கும்.”

1983இல் அவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவருடைய தாயார் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளர். ஜூலை 25ஆம் திகதி காலையில் வழக்கம்போல் புகையிரதம் ஏறிப் போனார். மதியத்துக்குள் நகரெங்கும் புகை. காடையர் வாகனங்களை மறித்துத் தமிழரைத் தேடினர். ஆண்களில் காது குத்திய துளையைப் பார்த்தனர். பெண்களில் நெற்றியைப் பார்த்தனர். தாயார் தண்டவாளத்தின் வழியே நடந்து வந்து சேர்ந்தபோது நெற்றியிற் பொட்டு இல்லை. பொட்டு இருந்த இடம் சேலைத் தலைப்பால் உரைத்து உரைத்துத் தோல் சிவந்து கிடந்தது. தூரத்திலிருந்து பார்க்கப் பொட்டு வைத்தது போலவே இருந்ததாம். அதைச் சொல்லும்போது இவர் தம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று வெள்ளவத்தை எரிந்தது. எழுதியதும் பேசியதும் ஏராளம். ஒரு தட்டெழுத்தாளர் அதன்பின் பத்து ஆண்டு பொட்டின்றி வேலைக்குப் போனார் என்பதை எழுத எவருக்கும் தோன்றவில்லை.

பின்வந்த போர்க்காலத்திலும் பயணம் புறப்படும்போது நெற்றியைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. காலி வீதியில் சோதனைச் சாவடிகள். கைப்பையைத் திறந்து காட்டு, அடையாள அட்டையைக் காட்டு, எங்கே பிறந்தாய், எதற்கு வந்தாய். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன்னே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்நாளில் வேலைக்குப் போன பெண்கள் சாவடியில் நிற்கும் நேரத்தையும் கணக்கிட்டு அரை மணி முந்தி எழுந்தார்கள். அந்த அரை மணியும் எங்கிருந்து பிடுங்கப்பட்டது? உறக்கத்திலிருந்தும், கண்ணாடியின் முன் நிற்கும் நேரத்திலிருந்தும்தான்.

தாதியின் பொட்டு வேறு விதம். அவர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். கணவர் 2009இல், போர் முடிந்த நாள்களில், பலர் பார்த்திருக்கக் கொண்டுசெல்லப்பட்டவர், திரும்பவில்லை, இறந்தார் என்ற தாளும் இல்லை. ஊரில் சிலர் பொட்டை எடுத்துவிடச் சொன்னார்கள். கைம்பெண்ணுக்குப் பொட்டும் பூவும் ஆகா என்பது நம் சமூகம் கைவிடத் தயங்கும் கொடுமைகளுள் ஒன்று. இவரோ கைம்பெண் என்று யார் தீர்மானித்தார்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டப் பந்தலுக்கு விடுமுறை நாள்களில் போய் அமர்ந்திருக்கிறார். வெள்ளைச் சீருடையில் கடலை பருமனுக்கு ஒரு பொட்டு எப்போதும் உண்டு. வயது போன காலத்தில் இவருக்கு என்ன சோடனை என்று வாட்டில் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அதை எங்களிடம் சொல்லிவிட்டு, “நான் இதை எடுத்தால், அவர் இல்லை எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி” என்றார். அன்று கோட்டை வரும்வரை நாங்கள் எதுவும் பேசவில்லை.

அழகுக் குறிப்பு எழுதுவோர் பொட்டைப் பற்றி எழுதினால் முகத்தின் வடிவத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்று எழுதுகிறார்கள். வட்ட முகத்துக்கு நீளப் பொட்டு, நீள முகத்துக்கு வட்டப் பொட்டு. இருக்கட்டும்.

நேரத்தின் கணக்குக்குத் திரும்புவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் இந்நாட்டின் முதலாவது நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. சமையல், துப்புரவு, பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு ஆகிய கூலியில்லா வேலைகளில் ஆண்களை விடப் பெண்கள் மிக அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று அது எண்ணிக் காட்டியது. அடுப்படியில் நிற்பவளுக்கு இது புதுச் செய்தி அன்று. எனினும் அரசாங்கமே எண்ணியது நல்லது. இதே வெள்ளவத்தையின் நூற்பு நெசவு ஆலையில் 1933இல் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுடைய சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தொடக்கப் பக்கங்களுள் அது ஒன்று. ஆலையின் நேரத்தை அளக்க ஒரு மணி இருந்தது. ஆதலால் அதைப் பற்றி வழக்காடவும் முடிந்தது. காலை நாலரைக்கு எழுந்து, புட்டு அவித்து, சம்பல் இடித்து, மாமியாருக்குக் குளிசை எடுத்து வைத்து, மகனின் சப்பாத்தைத் தேடிக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் உடுத்து ஓடிவரும் பெண்ணின் நேரத்துக்கு மணி இல்லை; ஆகவே சங்கமும் இல்லை. எங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டங்களும் மாலை ஐந்து மணிக்கே வைக்கப்படுகின்றன. பெண்கள் ஏன் வருவதில்லை என்று அங்கே வருத்தத்தோடு கேட்கிறார்கள்.

எங்கள் பாடசாலையில் ஆசிரியைகளின் அறையில் நெடுநாளாகக் கண்ணாடி இருக்கவில்லை. கழுவும் அறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு தவணை ஆகியிருந்தது. ஒருவர் உள்ளே போனால் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதவிடாய் நாள்களில் அது எத்தகைய சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்விடாய் நிற்கும் வயதில் உள்ளவர்களுக்கு அதைவிடச் சங்கடம். கண்ணாடியும் தாழ்ப்பாளும் வாளியும் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தோம். கடிதத்தை வாங்கிய அலுவலர் முதலாவது சொல்லைப் படித்ததும் சிரித்தார். “படிப்பிக்க வாறியளோ, படம் நடிக்க வாறியளோ?” என்றார். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு திரும்பினோம்.

மூத்த ஆசிரியை பணம் சேர்க்கத் தொடங்கினார். ஆளுக்கு இருநூறு ரூபா. இளைய ஆசிரியர் ஒருவரும் கேளாமலே தந்தார். ஜம்பட்டா வீதியில் ஒரு கடையில் மூன்றடிக் கண்ணாடியொன்று வாங்கி, முச்சக்கர வண்டியில் மடிமேல் நிறுத்திக் கொண்டுவந்தோம். அதே கடையில் தாழ்ப்பாளும் வாங்கினோம். ஒரு சனிக்கிழமை நாங்களே ஆணி அடித்தோம். திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு அதன் முன் ஏழு பேர். ஒருவர் பொட்டு ஒட்ட, ஒருவர் கொய்யகம் திருத்த, ஒருவர் முன் நிற்பவரின் பின்புறச் சேலைக்குப் பின் குத்த, எல்லாம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. அந்த ஏழு நிமிடமும் ஒரே சிரிப்பு.

அறையைத் துப்புரவு செய்யும் அம்மா மட்டக்குளியிலிருந்து நடந்து வருபவர், ஐம்பது வயதிருக்கும், குள்ளமான உருவம். நாலைந்து நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, “மிஸ், நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு நெத்தி மட்டும்தான் தெரியுது” என்றார்.

மறுநாள் போய் ஆணியைப் பிடுங்கி, ஒரு சாண் கீழே இறக்கி அடித்தோம்.